சிவப்பு வட்டம், பச்சை வட்டம்

டிசம்பர் பிறந்ததும் அவர் மேஜைக்கு இரண்டு தாள்கட்டுகள் வந்துவிடும். ஒன்று, நந்தம்பாக்கம் சென்னை வர்த்தக மையத்தில் அடுத்த ஆண்டு நடக்கவிருக்கும் கண்காட்சிகள், மாநாடுகளின் பட்டியல். மற்றொன்று பாம்புப் பஞ்சாங்கம். பட்டியலில் உள்ள தேதிகளைச் சிவப்பு மையில் வட்டமிடுவார், பஞ்சாங்கத்தின் முகூர்த்த நாட்களைப் பச்சையில். சிவப்பும் பச்சையும் ஒரே நாளில் விழுந்தால், அன்று இரவு கிண்டியிலிருந்து போரூர் வரை அறை கிடைப்பது குதிரைக்கொம்பு.

அவர் ஒரு செயின் ஓட்டலின் டூட்டி மேனேஜர். ஐந்து நட்சத்திர மாளிகைக்கும் பேருந்து நிலையத்து லாட்ஜுக்கும் நடுவில் நிற்கும் விலை, நடுவில் நிற்கும் வசதி. தரமணியில் ஓட்டல் நிர்வாகம் படித்துவிட்டு வரவேற்பு மேஜையில் டிரெய்னியாக நின்றார். பிறகு நைட் ஆடிட், பிறகு ஷிப்ட் பொறுப்பு என்று படிப்படியாக வந்தவர். வேலைக்காலத்தின் பெரும்பகுதி மவுண்ட்–பூந்தமல்லி சாலையைச் சுற்றியே கழிந்திருக்கிறது. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு அவர் முதல் நாளே சொல்வது ஒன்றுதான்: “கண்காட்சிக்கு வர்றவங்களுக்கு நாம கொடுக்க வேண்டியது நேரம். மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்.”

வர்த்தக மையம் 2001-ல் திறக்கப்பட்டது. மத்திய அரசின் இந்திய வர்த்தக மேம்பாட்டு நிறுவனமும் தமிழக அரசின் டிட்கோவும் கூட்டாக நடத்தும் அமைப்பு அதை நிர்வகிக்கிறது. விமான நிலையமும் கத்திப்பாரா சந்திப்பும் பக்கத்திலேயே இருப்பதால் அந்தச் சாலையை ஒட்டி ஓட்டல்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. கண்காட்சி இல்லாத நாட்களில் அவற்றைத் தாங்கிப் பிடிப்பவர்கள் வேறு ஆட்கள்: மணப்பாக்கத்து ஐ.டி. வளாகத்துக்கு வரும் பொறியாளர்கள், மியாட் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு வந்தவர்களின் உறவினர்கள். சிவப்பு வட்டம் வந்துவிட்டால் இந்த முகங்கள் எல்லாம் ஓரிரு நாளில் மாறிவிடும்.

ஒவ்வொரு கண்காட்சிக்கும் ஒரு சுபாவம் உண்டு என்பார் அவர். ஜனவரி முடிந்து பிப்ரவரி தொடங்கும் வேளையில் வருவது இந்திய சர்வதேசத் தோல் கண்காட்சி. கான்பூர், கொல்கத்தா தோல் வியாபாரிகளும், இத்தாலிய இயந்திர விற்பனையாளர்களும், ஆம்பூர், வாணியம்பாடி தொழிலதிபர்களைச் சந்திக்க வரும் இறக்குமதியாளர்களும் ஒரே லிஃப்டில் நிற்பார்கள். நிதானமாக வருவார்கள், முன்கூட்டியே நேரம் குறித்துக்கொண்டு ஓட்டல் லாபியிலேயே பாதி வியாபாரத்தைப் பேசி முடிப்பார்கள். லாபியில் காபி மேஜைகளை அந்த வாரம் தள்ளித் தள்ளிப் போட்டுவைப்பார். ஒரு மேஜையில் பேசும் விலை அடுத்த மேஜைக்குக் கேட்கக் கூடாது.

அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கம் நடத்தும் ஆக்மி இயந்திரக் கண்காட்சி வேறு ரகம். கோவை, ராஜ்கோட், லூதியானா, புனே என்று பட்டறை ஊர்களிலிருந்து ஆட்கள் திரண்டு வருவார்கள். டன் கணக்கில் எடையுள்ள இயந்திரத்தை கிரேன் வைத்து இறக்கி, சமன் பார்த்து, மின் இணைப்பு கொடுத்து ஓட்டிக் காட்ட வேண்டும். அதனால் கண்காட்சி தொடங்குவதற்குச் சில நாள் முன்பே வந்துவிடுவார்கள். நள்ளிரவில் எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு திரும்புவார்கள், விடியுமுன் மீண்டும் கிளம்பிவிடுவார்கள்.

2015, 2019, 2024 ஆண்டுகளில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாடுகளின்போது சூழலே வேறு. அமைச்சர்கள், வெளிநாட்டுத் தூதுக்குழுக்கள், பாதுகாப்பு அதிகாரிகள். வெளிநாட்டவர் ஒருவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு இணையவழியில் அனுப்ப வேண்டும். ஓட்டல்காரர்கள் ‘சி ஃபார்ம்’ என்று சொல்லிப் பழகிய படிவம் அது. விசா எண்ணில் ஓர் இலக்கம் பிசகினாலும் மறுபடி விருந்தினரை எழுப்பிக் கேட்க வேண்டிவரும் என்பதால், பாஸ்போர்ட்டை வாங்கியதும் இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்ப்பதை அவர் கட்டாயமாக்கினார்.

நடு விலையில் நிற்கும் ஓட்டல் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு அவர் கொஞ்சம் சரித்திரமும் சொல்வார். 1952-ல் கெம்மன்ஸ் வில்சன் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் முதல் ஹாலிடே இன்னைத் திறந்தபோது, எந்த ஊருக்குப் போனாலும் அறை ஒரே மாதிரி இருக்கும் என்ற உறுதியையே விற்றார். 1983-ல் மாரியட் நிறுவனம் கோர்ட்யார்டைத் தொடங்குமுன் வார்ட்டன் பேராசிரியர்களின் உதவியோடு வியாபாரப் பயணிகளிடம் விரிவாக ஆய்வு நடத்தியது. இதைக் கொடுத்தால் எதை விட்டுக்கொடுப்பீர்கள், எவ்வளவு கூடுதலாகத் தருவீர்கள் என்று அம்சம் அம்சமாகக் கேட்டார்கள். அந்த விடைகளிலிருந்துதான் அறையும் லாபியும் வரையப்பட்டன. இந்தியாவில் டாடா குழுமத்தின் இந்தியன் ஓட்டல்ஸ் 2004-ல் பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ‘இண்டிஒன்’ என்ற பெயரில் ஒரு சிக்கன ஓட்டலைத் திறந்தது. அதுதான் இன்றைய ஜிஞ்சர்.

இந்த மரபில் வந்த அறையில் எது இல்லை, எது இருக்கிறது என்று பார்த்தாலே கணக்கு புரிந்துவிடும். பெட்டி தூக்க வரிசையாக ஆட்கள் இல்லை, மூன்று நான்கு உணவகங்கள் இல்லை, குளிக்கும் தொட்டி இல்லை. நல்ல மெத்தை இருக்கிறது, திறந்ததும் சுடுநீர் விழும் ஷவர் இருக்கிறது, கைக்கு எட்டும் உயரத்தில் பிளக் பாயிண்டுகள், இஸ்திரிப் பெட்டி, கெட்டில், எழுத ஒரு மேஜை. இரவு பதினொன்றுக்கு வந்து காலை ஏழுக்குப் போகிறவருக்கு வேண்டியவை அவ்வளவும் அதில் அடங்கிவிடுகின்றன.

மிச்சம் இருப்பது காலைச் சாப்பாடு. கண்காட்சி நாட்களில் ஓட்டலின் பெயர் நிற்பதும் கெடுவதும் அங்கேதான் என்பது அவர் அனுபவம். அரங்கக் கதவு பத்து மணிக்குப் பார்வையாளர்களுக்குத் திறக்கிறது என்றால், ஸ்டால்காரர்கள் எட்டரைக்குள் உள்ளே இருக்க வேண்டும். கத்திப்பாரா நெரிசலைக் கணக்கில் எடுத்தால் ஏழரைக்கே கிளம்ப வேண்டும். ஆகவே ஏழு மணிக்கு உணவுக்கூடம் திறக்கும் வழக்கம் அந்த நாட்களுக்கு உதவாது.

முந்தைய இரவே வரவேற்பு மேஜைக்கு வந்து கேட்டுவிடுவார்கள். பம்பு செட் உற்பத்தியாளரான ஒரு கோவைக்காரர் கேட்டார்: “மேடம், நாளைக்கு ஆறரைக்கெல்லாம் டிபன் ரெடியாயிருமுங்களா? போயி மோட்டார ஓட்டிப் பாக்கோணுமுங்க.”

“ஆறே காலுக்கு இட்லி, பொங்கல் இருக்கும் சார். தோசைக்கல்லு மட்டும் ஏழு மணிக்கு.”

தோசையை ஏழுக்குத் தள்ளியது யோசித்துச் செய்த ஏற்பாடு. தோசையும் ஆம்லெட்டும் ஒவ்வொன்றாகச் சுட வேண்டியவை, அங்கேதான் வரிசை நிற்கும். இட்லியும் பொங்கலும் வரிசையை உருவாக்காதவை. விடிகாலை நெரிசலை அவற்றால் கடத்திவிட்டு, நிதானமாக வரும் பார்வையாளர்களுக்குக் கல்லைச் சூடாக்குவார்கள். குஜராத்திலிருந்தும் ராஜஸ்தானிலிருந்தும் வருபவர்களில் வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்கள் பலர் உண்டு. அவர்களுக்கான சாம்பாரைத் தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டியோடு, பெயர் எழுதி வைக்கச் சொன்னார். சீன விருந்தினர்களுக்கு வெந்நீர்க் குடுவை மேஜைக்கே போகும். உட்கார நேரமில்லாதவர்களுக்கு சாண்ட்விச்சும் வாழைப்பழமும் கொண்ட பொட்டலம் வாசலில் தயாராக இருக்கும்.

விலை பற்றிய கோபம் வரவேற்பு மேஜையில்தான் வந்து விழும். போன வாரம் 4,500 ரூபாய் காட்டிய அறை இந்த வாரம் ஏன் 7,400? அறைகளின் எண்ணிக்கை மாறுவதில்லை, கேட்பவர்கள் மட்டும் பெருகுகிறார்கள் என்பது நேரான பதில். அதற்கு மேலே, விருந்தினருக்கு உண்மையில் பயன்படும் இரண்டு விஷயங்கள் இருப்பதாக அவர் சொல்வார்.

முதலாவது ‘பிளாக்’. கண்காட்சி அமைப்பாளர்களோ தொழில்துறைச் சங்கங்களோ பல மாதங்களுக்கு முன்பே ஒரு தொகுதி அறைகளைக் குழு விலையில் பிடித்து வைப்பார்கள். ஒரு குறிப்பிட்ட தேதிக்குள் பெயர்ப் பட்டியல் தர வேண்டும். பெரும்பாலும் அது நிகழ்ச்சிக்கு மூன்று நான்கு வாரம் முன்னால் இருக்கும். அதற்குள் பெயர் வராத அறைகள் பொதுவிற்பனைக்குத் திரும்பிவிடும். ‘அறை இல்லை’ என்று இணையத்தில் பார்த்துக் கைவிட்டவர்கள், அந்தத் தேதிக்கு மறுநாள் ஓட்டலுக்கே நேராகத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டால் கிடைக்க வாய்ப்புண்டு. அதேபோல, நடுவில் ஓர் இரவு மட்டும் கேட்டால் ‘இல்லை’ என்றும், மூன்று இரவு கேட்டால் ‘உண்டு’ என்றும் திரை காட்டுவது பிழையல்ல. நடு இரவை மட்டும் ஒருவருக்கு விற்றால் முன்னும் பின்னும் உள்ள இரவுகள் காலியாக நின்றுவிடும் என்பதால் குறைந்தபட்ச இரவுகள் என்று ஒரு கட்டுப்பாடு போட்டிருப்பார்கள்.

இரண்டாவது 7,500 ரூபாய்க் கோடு. ஓர் இரவு வாடகை அதைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. ஒரு விகிதம், தாண்டினால் வேறு விகிதம். 2019 அக்டோபரிலிருந்து அது 12, 18 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்குக் கீழே 5 சதவீதமாகக் குறைந்தது, மேலே 18-ஆகவே நின்றது. 7,400 ரூபாய் அறைக்கு இப்போது வரியோடு 7,770 ரூபாய். 7,600 ரூபாய் அறைக்கு 8,968. வாடகையில் 200 ரூபாய் ஏறினால் பில்லில் 1,198 ரூபாய் ஏறுகிறது. அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே ஒரு விலை போடுவதை அவர் எப்போதும் எதிர்த்து வாதாடுவார். இன்னொன்றையும் அறை பதிவு செய்யும்போதே சொல்லிவிடுவார்: ஓட்டல் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்து வரிதான் பில்லில் வரும். தமிழ்நாட்டில் பதிவு இல்லாத லூதியானா நிறுவனம் தன் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்தாலும் அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுக்க முடியாது. ஊருக்குப் போய்க் கணக்காளர் சொல்லித் தெரிந்துகொள்வதைவிட முன்பே தெரிவது நல்லது.

இந்தத் தொழிலில் மிகக் கடினமான நேரம் எது என்றால், பதிவு செய்து வந்தவருக்கு அறை இல்லை என்று சொல்லும் நேரம். வராமல் போகிறவர்களை எதிர்பார்த்துச் சில அறைகளைக் கூடுதலாக விற்பது ஓட்டல் தொழிலில் உலகெங்கும் உள்ள வழக்கம். சாதாரண நாட்களில் அது சரியாகப் பொருந்திவிடும். கண்காட்சி நாட்களில் பொருந்தாது. ஸ்டாலுக்குப் பணம் கட்டியவர் வராமல் இருக்க மாட்டார். போதாததற்கு, கிளம்ப வேண்டியவர் இன்னொரு நாள் இருக்கிறேன் என்பார். சிவப்பு வட்ட நாட்களில் கூடுதல் விற்பனையே கூடாது என்று கூட்டத்துக்குக் கூட்டம் அவர் பேசியதற்குக் காரணம் இதுதான்.

அப்படியும் ஒருவரை வேறு ஓட்டலுக்கு அனுப்ப வேண்டிவந்தால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. அனுப்பப்படும் இடத்தின் முதல் இரவுச் செலவு ஓட்டலுடையது. வண்டி ஓட்டலுடையது. மறுநாள் திரும்ப அழைத்துவந்து, கிடைப்பதில் நல்ல அறையைத் தர வேண்டும். அனுப்புமுன் அங்கே அறை உறுதி என்று தொலைபேசியில் கேட்டு, பெயரைப் பதிவுசெய்துவிட்டுத்தான் விருந்தினரிடம் பேசவே தொடங்க வேண்டும். யாரை அனுப்புவது என்பதற்கும் அவர் எழுதிவைத்த வரிசை உண்டு. தனியாக வந்த பெண்ணை ஒருபோதும் அனுப்பக் கூடாது, மணி என்னவாக இருந்தாலும். முதியவர்களையும் கைக்குழந்தையோடு வந்தவர்களையும் மருத்துவமனைக்கு வந்தவர்களையும் கூடாது. மறுநாள் ஸ்டால் போட வேண்டியவரைக் கூடாது. இதைச் சொல்லும்போது அவர் குரல் உயரும். அறை எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல், சாவி உறையில் எழுதிக் காட்ட வேண்டும் என்ற விதியைப் பேசும்போதும் அதே உறுதி. வரவேற்பு மேஜையில் பின்னால் நிற்பவர் யார் என்று யாருக்கும் தெரியாது.

முன்மேஜையில் கொடுக்கும் வாக்குறுதி எல்லாம் மாடியில் உள்ளவர்கள் கையில்தான் இருக்கிறது. பரங்கிமலையிலும் ஆதம்பாக்கத்திலும் இருந்து வரும் மூத்த பெண்கள், ஜார்கண்டிலும் அசாமிலும் இருந்து வந்த இளைஞர்கள். விருந்தினர் கிளம்பிப்போன ஓர் அறையை அடுத்தவருக்குத் தயார் செய்ய அரை மணி நேரம் பிடிக்கும். திரைச்சீலையைத் திறந்து, படுக்கையைக் களைந்து, குளியலறையில் மருந்து தெளித்து ஊறவிட்டு, அது ஊறும் நேரத்தில் படுக்கை விரித்து, தூசி துடைத்து, குளியலறையைத் தேய்த்துக் கழுவி, கடைசியாகத் தரையைச் சுத்தம் செய்துகொண்டே வாசலுக்கு வர வேண்டும். காலை 11 மணிக்கு ‘செக்-அவுட்’, பிற்பகல் 2 மணிக்கு ‘செக்-இன்’ என்றால் இடையில் மூன்று மணி. ஒருவர் ஆறு அறை முடிக்கலாம். பத்துப் பேர் வேலையில் இருந்தால் 60 அறை. அன்று காலியானவை 90 என்றால், 30 அறைகள் இரண்டு மணிக்குத் தயாராக இருக்க வழியே இல்லை. லாபியில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் விருந்தினருக்கு இந்தக் கணக்கை மறைக்காமல் சொல்லச் சொல்வார். எத்தனை மணிக்கு அறை கிடைக்கும் என்று நேரம் சொன்னால் அவர்கள் பெட்டியை வைத்துவிட்டு அரங்கத்துக்குப் போய்வருவார்கள். ‘கொஞ்ச நேரம் சார்’ என்றால் நாற்காலியிலேயே கட்டுண்டு கிடப்பார்கள்.

ஸ்டால்காரர்களின் அறை மற்ற அறைகளைப் போல இருக்காது. அட்டைப்பெட்டிகள், சுருட்டிய ஃபிளெக்ஸ், இரட்டைப்பக்க டேப்பின் பசை, சில சமயம் கம்பளத்தில் இரும்புத் துருவல். குப்பைத் தொட்டிக்கு வெளியே கிடக்கும் எந்தக் காகிதத்தையும் எடுத்துப் போடக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. கசங்கிக் கிடப்பது ஓர் இயந்திரத்தின் வரைபடமாகவோ, பேசி முடித்த விலைக்குறிப்பாகவோ இருக்கலாம். மேற்பார்வை பார்க்கும் மூத்த அக்காவிடம்தான் இந்த நாட்களில் எந்த மாடியை முதலில் எடுப்பது என்று அவர் கேட்பார். அக்கா சொல்வது பெரும்பாலும் கணினி சொல்வதைவிடச் சரியாக இருக்கும். எந்த அறைக்காரர் விடிகாலையே போய்விட்டார், எவர் இன்னும் தூங்குகிறார் என்பது அந்தத் தளத்தில் நடப்பவருக்குத் தெரியும்.

கண்காட்சியின் கடைசி நாளுக்கு அவர் தனி ஏற்பாடு வைத்திருந்தார். பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும், கண்காட்சி முடிவதோ மாலையில், ஸ்டாலைப் பிரித்து ஏற்றிவிட்டு விமானம் பிடிப்பது நள்ளிரவில். இடைப்பட்ட நேரத்தில் வியர்வையில் நனைந்த மனிதர் எங்கே போவார்? கடைசி நாளுக்கென்று இரண்டு மூன்று அறைகளை விற்காமல் நிறுத்தி, குளித்து உடை மாற்றிக்கொள்ளும் அறைகளாக ஒதுக்க நிர்வாகத்தைச் சம்மதிக்க வைத்தார். இரவுக்கு இரண்டு மூன்று வாடகை போகிறதே என்ற கேள்வி வந்தது. அடுத்த ஆண்டுக்கான அறைகளைப் பலர் குளித்துவிட்டு வந்து அந்த மேஜையிலேயே பதிவு செய்தபோது கேள்வி நின்றுபோனது.

வர்த்தக மையத்தை நம்பிய ஓட்டல்கள் இரண்டு முறை வேறு வேலை பார்த்தன. 2015 டிசம்பர் 1 இரவு அடையாறு கரை மீறியது, விமான நிலையம் சில நாள் மூடிக்கிடந்தது. கிளம்ப முடியாதவர்கள் அறையிலேயே தங்கினார்கள், வர முடிந்த ஊழியர்கள் வீட்டுக்குத் திரும்பாமல் வேலை செய்தார்கள். டீசலைச் சிக்கனம் பிடித்து ஜெனரேட்டரை ஓட்ட வேண்டியிருந்ததால் லிஃப்ட் பல மணி நேரம் நிற்கும். முதியவர்களைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். அட்டை இயந்திரங்கள் ஓயவே, பில்லைக் கையால் எழுதிக் கொடுத்து, ஊர் போய்ச் சேர்ந்ததும் அனுப்பச் சொன்னார்கள்.

2020-ல் ஸ்டால்கள் நின்ற அதே அரங்குகளில் கொரோனா நோயாளிகளுக்குக் கட்டில்கள் போடப்பட்டன. வெளிநாடுகளிலிருந்து சிறப்பு விமானங்களில் திரும்பியவர்கள் ஓட்டல்களில் கட்டணத் தனிமையில் வைக்கப்பட்டார்கள். உணவுப் பொட்டலத்தைக் கதவுக்கு வெளியே ஸ்டூலில் வைத்து, மணியடித்து, விலகி நிற்க வேண்டும். ஒருவர் போன அறையைப் பல மணி நேரம் பூட்டிவைத்த பிறகே திறப்பார்கள். முழுக்கவசம் அணிந்து முதலில் உள்ளே போனவர்கள் அந்த அக்காக்களும் தம்பிகளும்தான். கண்காட்சிகள் மீண்டும் தொடங்கியபோது, முதல் சிவப்பு வட்டத்துக்கு முன்னால் அவர்களுக்குக் கூடுதல் படி கேட்டு நிர்வாகத்துக்கு எழுதினார்.

இப்போது சாலையின் நடுவே மெட்ரோ இரண்டாம் கட்டத் தூண்கள் நிற்கின்றன. மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூருக்குப் போகும் அந்த வழித்தடத்தில் வர்த்தக மையத்துக்கென்றே ஒரு நிலையம் வருகிறது. இன்று ஆலந்தூர் மெட்ரோவில் இறங்குபவர் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரை ஆட்டோவிலோ ஓட்டல் வேனிலோ கடக்க வேண்டும். சில காலைகளில் அது விமானப் பயணத்தில் பாதி நேரத்தை விழுங்கிவிடுகிறது. ரயில் ஓடத் தொடங்கினால் வளசரவாக்கத்திலோ ஆதம்பாக்கத்திலோ தங்குபவரும் அரங்கத்துக்குச் சொன்ன நேரத்தில் வந்து நிற்பார். ‘வர்த்தக மையத்துக்கு அருகில்’ என்று சொல்லிக் கூடுதலாக வாங்கும் வாடகை அப்போது எவ்வளவு இறங்கும் என்ற கணக்கைத் தன் ஜூனியர்களிடம் கொடுத்திருக்கிறார். நடந்துபோகும் தூரத்தில் இருப்பவை, ஒரு நிலையம் தள்ளி இருப்பவை, மூன்று நிலையம் தள்ளி இருப்பவை என்று ஓட்டல்களைப் பிரித்து அவர்கள் அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். காலை உணவு நேரத்துக்கும் அதில் ஒரு பத்தி இருக்கிறது.